விட்டு வந்த வீட்டை வரைவது: நாடு மாறியவர்கள் கலை செய்யத் தொடங்க ஒரு வழிகாட்டி

நாடு மாறி வந்த முதல் வருடத்தில் என் வலது கை இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது. பழைய வீட்டில் விளக்குச் சுவிட்ச் கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில் இருக்கும். புதிய வீட்டில் அது இடப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே. எனக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிய ஏழெட்டு மாதம் பிடித்தது. ஒருநாள் அந்தக் கையை வரைந்தேன். சுவரில் எதையோ தேடும் ஒரு கை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வேர் அறுந்த மரம், கூடு தேடும் பறவை, மூடிய பெட்டி என்று நிறைய வரைந்திருந்தேன். அவற்றில் எதிலும் என் வீடு இல்லை. இந்தக் கையில் இருந்தது.

புதிதாக நாடு மாறி வந்து, வீட்டைப் பற்றி, ஒட்டுதலைப் பற்றி ஏதாவது செய்யவேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி இருக்கவேண்டியதில்லை. தனி அறையும் வேண்டாம். ஒரு மேசையின் ஓரம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை இருபது நிமிடம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

வீடா, ஊரா, ஆளா?

வீட்டு நினைவு வந்துவிட்டது என்று சொல்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று ஏக்கங்கள் இருக்கின்றன. வீடு என்றால் கட்டடம்: படியின் உயரம், ஜன்னல் கம்பியின் துரு, காலுக்குத் தெரிந்த தரை. ஊர் என்றால் தெருவும் வெளிச்சமும் சத்தமும். உங்கள் பெயரை யாரும் இரண்டாம் தடவை கேட்காத இடம். மூன்றாவது, ஆள். சில பேருக்கு வீடு என்பது ஒரே ஒரு மனிதரின் குரல்தான்.

மூன்று தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வீடு, ஊர், ஆள் என்று எழுதி, தாளுக்கு ஐந்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம், துண்டு துண்டாக எழுதினாலே சரி. முடிந்ததும் படித்துப் பார்த்தால் ஒரு தாளில் மட்டும் விவரங்கள் கூர்மையாக இருக்கும். மற்றதில் ‘அமைதி’, ‘அன்பு’ என்று பொதுவாக இருக்கும். அந்த ஒன்றில் ‘மூன்றாவது படி மட்டும் கிரீச்சிடும்’ என்று இருக்கும். அங்கேதான் தொடங்கவேண்டும். என்ன ஊடகம் என்பதும் இதிலிருந்தே வரும். வீடு என்றால் தரைப்படம், உரசி எடுக்கும் படம், துணி. ஊர் என்றால் ஒலி, சொல், புகைப்படம். ஆள் என்றால் கடிதம், குரல், தொலைபேசி அழைப்பு.

உடம்பு எங்கே தடுமாறுகிறது என்பதையும் கவனியுங்கள். டோ ஹோ சு 1962இல் சியோலில் பிறந்து, பிறகு அமெரிக்கா போன கலைஞர். நியூயார்க்கில் அவர் இருந்த வீட்டுக்கு எதிரே தீயணைப்பு நிலையம். சத்தத்தில் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எங்கே என்று யோசித்தபோது சியோலில் பெற்றோர் வீடு ஞாபகம் வந்ததாம். அந்த வீட்டை அதே அளவில், ஒளி ஊடுருவும் பட்டுத் துணியில் தைத்து 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் தொங்கவிட்டார். மடித்து எடுத்துப் போகக்கூடிய வீடு. எந்த நகரத்தில் காட்டினாலும் அந்த நகரத்தின் பெயர் தலைப்போடு சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் வராத ஒரு இரவிலிருந்து இவ்வளவும் வந்திருக்கிறது.

முதல் ஆறு மாதம் சேர்த்து வையுங்கள்

வந்தவுடனே பெரிய படைப்பு செய்ய உட்காராதீர்கள். முதல் ஆறு மாதத்துக் கண்ணும் காதும் திரும்பக் கிடைக்காது. படிக்கட்டின் வாசம், பக்கத்துக் கதவு சாத்தும் விதம், மாலை வெளிச்சத்தின் நிறம் எல்லாம் இப்போது உறுத்தும். கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகியபின் எவ்வளவு முயன்றாலும் அவை பழையபடி தெரியாது, கேட்காது.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஒரே ஒரு வரி, தேதியோடு. ‘இன்று எங்கே தவறினேன்?’ என்பதுதான் கேள்வி. சாலையில் எந்தப் பக்கம் பார்த்தீர்கள், எந்தச் சொல் வாயில் வரவில்லை, யார் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், கை எதை எங்கே தேடியது. வாரம் ஒரு ஒலிப்பதிவும் எடுங்கள். கைப்பேசியில் அழைப்பு வராதபடி வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தால் போதும். கடைசியில் உங்கள் குரலில் தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். பின்னால் ஐம்பது கோப்புகளில் எது எது என்று தேடும்போது இது எவ்வளவு உதவும் என்பது புரியும்.

பயணத்தின் காகிதங்களைச் சேர்ப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானச் சீட்டு, ரசீது போன்றவை பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகின்றன. சில வருடத்தில் எழுத்து வெளிறி வெறும் தாளாகிவிடும். கையில் இருக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, வந்த நாளின் சீட்டு இன்று வெள்ளையாக இருக்கிறது.

நினைவிலிருந்து தரைப்படம்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏ3 தாள் ஒன்று, அல்லது இரண்டு ஏ4 தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சில் எடுங்கள், அழிப்பான் வேண்டாம். பழைய புகைப்படம் பார்க்கக்கூடாது, வீட்டில் யாரையும் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது. கண்ணை மூடி வாசலில் நின்று உள்ளே நடந்து போங்கள். ஒரு காலடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. வாசலிலிருந்து அடுத்த கதவுக்கு எத்தனை காலடி? அந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? திறக்கும் பக்கத்தை ஒரு வளைகோடாகப் போடுங்கள். ஜன்னல்களைக் குறியுங்கள், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று எழுதுங்கள். அப்புறம் மேசை, நாற்காலி, அலமாரி. அதற்கும் அப்புறம் எந்தக் கட்டடப் படத்திலும் வராதவை: யார் எங்கே உட்கார்வார்கள், எந்த இடத்தில் தரை ஆடும், கோபம் வந்தால் எங்கே போய் நிற்பீர்கள், எந்த மூலையில் யார் கண்ணிலும் படாமல் அழலாம்.

ஞாபகம் வராத இடத்தில் கை நிற்கும். அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பார்ப்பவர்களின் கண் முதலில் போவது அந்தக் காலி இடத்துக்குத்தான் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு அறை அளவுக்கு மீறிப் பெரிதாக வந்துவிட்டால் திருத்தாதீர்கள். சிறுவயதில் விட்டு வந்த வீடு என்றால் தூரமெல்லாம் நீண்டுதான் வரும், அன்றைய காலடி சின்னது. அந்த நீளமும் உண்மைதான்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் இதை வைத்தே ஒரு பெரிய வேலை செய்திருக்கிறார். போரால் இடம்பெயர்ந்தவர்களை, அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் போட்ட கோடு, அதைக் கட்டடக்கலை முறையில் ஒழுங்குபடுத்திய வரைபடம், அதன் பிறகு தன்னுடைய ஓவியம் என்று மூன்றையும் சேர்த்து 2011இல் ஒரு கலைநூலாகக் கொண்டுவந்தார். வீட்டை இழந்தவர்களின் கையால் விழுந்த கோணல் கோட்டுக்கு அதில் ஓவியத்துக்குச் சமமான இடம் இருக்கிறது. எனக்கு வரையத் தெரியாது என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் இந்த வேலையைத்தான் சொல்வேன்.

படம் முடிந்தபின், அதே வீட்டில் வளர்ந்த அண்ணனையோ தங்கையையோ தனியாக ஒன்று வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் படத்தை முன்னாலேயே காட்டிவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வீடுதான், ஆனாலும் ஒரே மாதிரி இருக்காது. அவரவர் தூங்கிய அறை அவரவர் படத்தில் பெரிதாக இருக்கும். இந்த இரண்டு தாளும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு படைப்பு.

கோடு சரியாக வரவில்லையே என்ற கவலை இன்னும் இருந்தால், மார்க் ஷகால் 1911இல் பாரிசில் இருந்துகொண்டு தன் பழைய ஊரின் நினைவில் வரைந்த ‘நானும் கிராமமும்’ (I and the Village) என்ற ஓவியத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். சில வீடுகள் தலைகீழாக நிற்கின்றன. ஒரு ஆட்டின் முகம் தெருவைவிடப் பெரிதாக இருக்கிறது. நினைவில் எது பெரிதோ அது படத்திலும் பெரிது.

உணர்ச்சியின் பெயரை எழுதாமல் இருப்பது

தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறு, தனிமை என்பதை நேராக வரையப் பார்ப்பது. குனிந்த தலை, காலியான நாற்காலி, மழை விழும் ஜன்னல். இதற்கு நம் மொழியிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது, பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோனோம். சங்கப் பாடல்களின் திணை மரபில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் இருப்பவை: மரம், பூ, பறவை, பறை, தொழில். உரி என்பது உணர்ச்சி. முதலையும் கருவையும் சரியாக வைத்துவிட்டால் உரி தானாக எழுந்து வரும்.

பாலைத் திணையை யோசித்துப் பாருங்கள். அது பிரிவின் திணை. அதற்கென்று சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. பிரிவுக்குத் தனியாக ஓர் இடம் தேடவேண்டாம், இருக்கிற இடமே பிரிவில் வேறாகிவிடும். நாடு மாறிய ஒருவருக்கு இதைவிடக் கச்சிதமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி இது. இப்போது இருக்கும் இடத்துக்கு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல்: மாடிப்படி திரும்பும் இடம், தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம். கரு: குழாய்க்குள் தட்டும் சத்தம், எதிர் ஜன்னலில் அசையும் நீல வெளிச்சம், கைப்பிடிச் சுவரில் தினமும் வந்து உட்காரும் பறவை, கீழே குப்பை வண்டியின் மணி. உரி: காத்திருத்தல். எழுதி முடித்ததும் மூன்றாவது பத்தியை மடித்து மறைத்துவிட்டு, முதல் இரண்டை மட்டும் வைத்து வரையுங்கள், அல்லது படம் எடுங்கள், அல்லது ஒலியைத் தொகுங்கள். அதை ஒருவரிடம் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். மறைத்த சொல்லையோ அதற்குப் பக்கத்துச் சொல்லையோ அவர் சொன்னால் வேலை நடந்திருக்கிறது. வேறு ஏதோ சொன்னால் கருவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பறவையோ வெளிச்சமோ பொதுவானதாக இருக்கும்.

எதைக் கொண்டு செய்வது

முதல் சில வருடத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பீர்கள். எண்ணெய்ச் சாயம், பெரிய கேன்வாஸ், களிமண் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மடிக்கவும் சுருட்டவும் முடிகிற பொருள்களாக எடுங்கள். செய்தது முழுவதும் ஒரே கோப்புறைக்குள் அடங்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஐந்து வீடு மாறியும் ஒன்றும் தொலையவில்லை. மூன்று முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உரசி எடுப்பது. சிறுவயதில் நாணயத்தின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்போமே, அதுதான். மெல்லிய தாளைப் பொருளின்மேல் வைத்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். வாடகை வீட்டுச் சுவர் என்றால் முதலில் மறைவான மூலையில் டேப்பை ஒட்டி எடுத்துப் பாருங்கள், பெயின்ட் உரிந்து வந்தால் முன்பணம் போகும். வண்ணப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி, அழுத்தாமல் தேய்க்கவேண்டும். தாள் நகர்ந்தால் உருவம் இரட்டையாகிவிடும். கதவுப் பிடி, சுவிட்ச், சாவி போன்ற சின்னப் பொருளில் தொடங்குங்கள். முடிந்த தாள்களுக்கு நடுவே வெற்றுத்தாள் வைத்து அடுக்கினால் பொடி ஒட்டாது. டோ ஹோ சு, நியூயார்க்கில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டுப் பிரியும் காலத்தில் அதன் உட்புறம் முழுவதையும் தாளால் மூடி, வண்ணப் பென்சிலால் இப்படி உரசி எடுத்தார். நாம் ஒரு சுவிட்சில் தொடங்கினால் போதும்.

விட்டு வந்த வீட்டையும் இப்படி எடுக்கலாம். அங்கே இருப்பவர் ஒருவர் கை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். என் அக்காவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பின்கதவுத் தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னேன். “அழுத்தாதேக்கா, மெதுவா” என்று நான் இங்கிருந்து சொல்ல, அவள் அங்கே தேய்க்க, தாள் நடுவில் கிழிந்துவிட்டது. இன்னொன்று எடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அந்தக் கிழிசலோடுதான் அது என் சுவரில் இருக்கிறது.

இரண்டாவது, புகைப்படத்தை வேறு தாளுக்கு மாற்றுவது. நைஜீரியாவில் பிறந்து 1999இல் அமெரிக்கா போன ஓவியர் நிஜிடேக்கா அகுன்யிலி கிராஸ்பியின் படங்களில் சுவர், தரை, உடை எல்லாவற்றிலும் குடும்பப் படங்களும் பத்திரிகைப் படங்களும் மெலிதாகப் படிந்திருக்கும். அவர் பயன்படுத்தும் கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும், நெடியும் அதிகம், சின்ன அறைக்கு அது ஆகாது. நாம் அக்ரிலிக் ஜெல் மீடியம் என்ற ஓவியப் பசை கொண்டு செய்யலாம். படத்தின் நகலை லேசர் அச்சில் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் மை கரைந்து ஓடிவிடும். தடித்த தாளில் ஜெல்லைச் சமமாகப் பூசி, அச்சுப் பக்கம் கீழே வருமாறு படத்தை ஒட்டி, காற்றுக் குமிழிகளைத் தேய்த்து வெளியேற்றுங்கள். ஒரு இரவு காயட்டும். காலையில் ஈரத் துணியால் நனைத்து, விரல் நுனியால் மேல்தாளை மெதுவாக உருட்டி உருட்டி எடுத்தால் மை மட்டும் தங்கும். படம் இடவலம் மாறி வரும், அதனால் எழுத்து இருந்தால் முன்கூட்டியே திருப்பி அச்சிடுங்கள். அசல் புகைப்படத்தை எக்காரணம் கொண்டும் இதற்குக் கொடுக்காதீர்கள். அங்கங்கே மை பிய்ந்து வெள்ளை தெரியும். அதைத் திருத்த எனக்கு மனசு வருவதில்லை.

மூன்றாவது, தையல். நீளத் துணி ஒன்றில், வீட்டோடு பேசிய ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி, பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தையல். பேசாத நாளுக்கு வரியை வெறுமையாக விடுங்கள். மூன்று மாதம் போனால் உங்கள் வாழ்க்கையின் மேடு பள்ளம் துணியில் தெரியும். திறமை எதுவும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். தைக்கும் அந்த நேரத்தில் மனசு அடங்கிக் கிடப்பதும் ஒரு வரவு.

உள்ளே இடமே இல்லாதவர்கள் வெளியே போகலாம். கியூபாவில் பிறந்த அனா மெண்டியேட்டா 1961இல், 12 வயதில், பெற்றோர் இல்லாமல் அக்காவோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். 1970களில் மண்ணிலும் புல்லிலும் மணலிலும் தன் உடம்பின் வடிவத்தைப் பதித்து, அதைப் படம் எடுத்து வைத்தார். வடிவம் காற்றிலும் நீரிலும் கரைந்துவிடும், படம் மட்டும் மிஞ்சும். இதற்குக் கேமரா தவிர எந்தப் பொருளும் தேவையில்லை.

சொல்லிலிருந்து தொடங்குவது

அலிகாரில் 1937இல் பிறந்து பல நாடுகளில் வாழ்ந்த கலைஞர் சரீனா, வீட்டைப் பற்றி 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பை 1999இல் செய்தார். அவர் முதலில் போட்டது உருதுச் சொற்களின் பட்டியல். படம் அதற்கப்புறம்தான் வந்தது. கறுப்புக் கோடுகளால் ஆன எளிய வடிவம், அதன் கீழே ஒரு சொல்.

இதை நம் மொழியில் செய்து பாருங்கள். பன்னிரண்டு சொல் போதும்: வாசல், நிழல், மூலை, தூரம், படி, கூரை என்று உங்களுக்கு உடம்போடு ஒட்டியவையாக எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கை அளவு சதுரத்தில் நேர்கோடுகள் மட்டும் கொண்டு ஒரு வடிவம். வாசலுக்கு இரண்டு கோடு போதுமா, மூன்று வேண்டுமா என்று யோசிக்கும்போது வாசல் என்றால் உங்களுக்கு என்ன என்பது பிடிபடும். வீடு என்ற சொல்லே விடு என்பதிலிருந்து பிறந்தது; விடுதலைக்கும் அதே பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு வருடமாக வடிவம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வைக்கவேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். என் கருத்து: எல்லாவற்றையும் மொழிபெயர்க்காதீர்கள். எழுத்தைப் படிக்க முடியாதவர் அதன் வடிவத்தைப் பார்ப்பார், அதுவும் ஒரு வாசிப்புதான். படிக்க முடிகிறவருக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று படத்தில் இருப்பதில் குற்றம் இல்லை.

அடுத்தவரின் குரலை எடுக்கும்போது

பெய்ரூட்டில் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்த மோனா ஹடூம் 1975இல் லண்டனுக்குக் கொஞ்ச நாள் தங்க வந்தார். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டதால் திரும்ப முடியவில்லை. 1988இல் அவர் முடித்த ஒரு வீடியோவில், அம்மா எழுதிய கடிதங்களின் அரபு எழுத்து திரை முழுவதும் ஓட, அதன் பின்னால் அம்மாவின் உருவம் தெரியும். எழுத்து ஒரு திரைச்சீலைபோல நடுவில் நிற்கிறது. கடிதத்தை மகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறாள். அந்தப் படங்களை எடுத்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பதும் அந்தக் கடிதத்திலேயே வருகிறது.

குடும்பத்தின் குரலும் முகமும் உங்களுக்குச் சொந்தம் போலத் தோன்றும். சொந்தம் இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள், முடித்தபின் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். இதில் சமரசம் கிடையாது. ஒருமுறை நான் கேட்காமல் ஒரு குரல் பதிவைச் சிறிய கூட்டத்தில் ஒலிக்கவிட்டேன். பேசியவருக்கு அது எப்படியோ தெரிந்து, அதற்கப்புறம் என்னிடம் தொலைபேசியில் பேசும்போது அளந்து அளந்து பேசினார். பழைய பேச்சு திரும்ப இரண்டு வருடம் ஆனது.

அகதி நிலையில் இருப்பவர், வழக்கு முடியாதவர், ஊரில் ஆபத்து உள்ள உறவினர் இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். முகம், முழுப்பெயர், தெரு அடையாளம் எதுவும் வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கலாம், பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்களைக் கொலாஜில் ஒட்டுவதானால் எண்களை மறைத்துவிடுங்கள்.

பெட்டி, சாவி, மண்

பெட்டியும் சாவியும் இந்தத் துறையில் அளவுக்கு மீறிப் பயன்பட்டவை. ஆனாலும் ஒதுக்கவேண்டியதில்லை. இன் ஷியுஜென் என்ற சீனக் கலைஞர் பெட்டிக்குள் நகரங்களைத் தைத்து வைத்தார்; அந்தந்த நகரத்து மக்கள் உடுத்திய பழைய துணிகளால் தைத்தார். ஜப்பானில் பிறந்து பெர்லினில் வாழும் சிஹாரு ஷியோட்டா 2015இல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் இரண்டு பழைய படகுகளுக்கு மேல் சிவப்பு நூலில் சாவிகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் உண்மையில் யாரோ ஒருவர் பயன்படுத்திக் கொடுத்த சாவி. இரண்டு இடத்திலும் பொருளின்மேல் மனிதர்களின் கை பட்டிருக்கிறது. உங்கள் பெட்டியை வரைவதானால் அதில் எந்தச் சக்கரம் உடைந்தது, யார் கட்டிய கயிறு இன்னும் பிடியில் இருக்கிறது என்பதை வரையுங்கள்.

ஊர் மண்ணைக் கொண்டுவந்து சாயத்தில் கலக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். மண், விதை, காய்ந்த இலை ஆகியவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல நாடுகள் தடை விதித்திருக்கின்றன, நோயும் பூச்சியும் பரவும் என்பதால். பெட்டியில் போட்டால் பறிமுதல் ஆகலாம், அபராதமும் வரலாம். மண்ணைப் புகைப்படம் எடுத்து, அதன் நிறத்துக்கு ஒத்த சாயத்தை இங்கே கலந்து பாருங்கள். சரியான நிறம் வராமல் நான் கலந்த பதினேழு பழுப்புகள் ஒரு தாளில் வரிசையாக இருக்கின்றன. அசல் மண் கிடைத்திருந்தால் அந்தத் தாள் பிறந்திருக்காது.

மற்றவர்களுக்குக் காட்டுவது

காலரி எல்லாம் பிறகு. பொது நூலகத்தின் சுவர், சமூகக் கூடம், மொழி வகுப்பு நடக்கும் அறை, இவை போதும். மொழி வகுப்பு எனக்கு மிகவும் பிடித்த இடம், அங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் விட்டு வந்த ஒரு வீடு இருக்கிறது. தரைப்படப் பயிற்சியை அங்கே செய்து பார்த்தால், பொதுமொழி சரியாக வராதவர்கள்கூடப் படத்தை விரலால் காட்டிக்காட்டி ஒரு மணி நேரம் பேசுவதைப் பார்க்கலாம்.

படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பு நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். என்ன பொருள், எப்படிச் செய்தது, எந்த வீடு என்ற மூன்றும் இருந்தால் போதும். என்ன உணரவேண்டும் என்று எழுதாதீர்கள். படைப்பைப் புகைப்படம் எடுக்க, நேர்வெயில் படாத ஜன்னலோர வெளிச்சம் நல்லது, ஃபிளாஷ் வேண்டாம்.

விற்கும் எண்ணம் வந்தால் முதலில் உங்கள் விசா நிபந்தனையைப் படியுங்கள். சில விசாக்களில் ஒரு படம் விற்பதுகூட வேலை செய்ததாகக் கணக்காகலாம். தெரிந்தவர் சொன்னார் என்று நம்பாமல் எழுத்தில் உள்ளதைப் பாருங்கள்.

திரும்பிப் போகும்போது

எல்லோராலும் போக முடியாது. போக முடிகிறவர்கள் அந்த முதல் தரைப்படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், கூடவே அதே அளவில் ஒரு டிரேசிங் தாள். அதே காலடிக் கணக்கில் வீட்டை நடந்து அளந்து, இந்த முறை டிரேசிங் தாளில் வரையுங்கள். பழைய படத்தில் கை வைக்கவே கூடாது. முடிந்ததும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்துப் பாருங்கள்.

நான் ஆறாவது வருடம் போனேன். என் படத்தில் ஒன்பது படிகள், அங்கே பதின்மூன்று இருந்தன. பின்கதவு நான் போட்டதற்கு எதிர்ப்பக்கம் திறந்தது. நான் காலியாக விட்டிருந்த இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, அதன் வழியே பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். இருட்டியது. விளக்கைப் போடக் கையை நீட்டினேன். கை இடப்பக்கம், இடுப்பு உயரத்தில் சுவரைத் தடவியது.